முன்சில்லு ஆடிய நாள்

விமானத்தின் முன்சில்லு, அதாவது மூக்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், ஆடினால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று போன வாரம் வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டார். எல்லாவற்றையும் என்று சொல்லிவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். அது சோம்பேறிப் பதில். இன்று ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். டயர் காற்று, சமநிலை, அச்சில் இருக்கும் பேரிங் குண்டுகள் எல்லாம் கைநூலில் இருக்கின்றன, நீங்களே படித்துக்கொள்ளலாம். கைநூலில் இல்லாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கதை.

வளைகுடாவில் விமானச் சில்லுகளோடு காலம் கழித்துவிட்டு, போர் முடிந்து சில வருடங்களின் பின் புத்தளத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது என் வீட்டாரையும் அனுப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து அவர்களுக்குப் புத்தளம்தான். ஓய்வெடுக்க வந்தவனை ஓய்வெடுக்க விடுவார்களா? எத்தாளைப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு ஹாஜியார் ஆள் அனுப்பினார். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொப்பறா அடுக்கும் கொட்டகையான மடுவத்தை ஒதுக்கி, அதற்குள் இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தைத் தன் கையாலேயே கட்டியிருந்தார். உண்மையில் நல்ல வேலைப்பாடு. ஆணியறைந்த இடத்தில்கூட ஒரு கோணல் இல்லை. தோட்டத்துக்கும் கடல்நீர்க் களப்புக்கும் நடுவே இறுகிக் கிடந்த வெட்டவெளியை ஓடுபாதையாக ஆக்கியிருந்தார்.

அந்தக் கரையில் விமானம் என்றாலே ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். போர் முடிந்தாலும் காது பழகவில்லை. அதோடு, ஹோட்டல் கட்டக் காணி தேடுகிறவர்கள் அடிக்கடி வந்து போகிற காலம் அது. ஹாஜியார் மேலேயிருந்து கரையை அளந்து யாருக்கோ காட்டிக்கொடுக்கிறார் என்று மீனவர் வாடிகளில் கதைத்தார்கள். ஹாஜியாரோ, வாடிக்காரர்கள் தன் விமானத்துக்கு ஏதாவது செய்துவிடுவார்கள் என்று மடுவத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தார். அவர்கள் அவரைச் சந்தேகித்தார்கள், அவர் அவர்களைச் சந்தேகித்தார். நான் இருவரையும் சந்தேகித்தேன். தொழில் அப்படி.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. முந்தின நாள் தரையிறங்கும்போது முன்சில்லு அடித்த அடியில் முன்னாலிருந்த மானிகள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். விமானம் பாதையை விட்டு விலகி, வேலிக்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றதாம். கடைகளில் சாமான் தள்ளும் வண்டியை வேகமாகத் தள்ளிப் பாருங்கள், முன்னால் இருக்கும் சின்னச் சில்லு இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதே விஷயம்தான். விமானத்தில் அது நடந்தால் முன்கால் முறியும், மூக்கு நிலத்தில் குத்தும், ஆளும் போகலாம்.

"ரஷீத், இங்க பாருங்க" என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். முன்பாகத்தை முட்டுக் கொடுத்து உயர்த்தி வைத்திருந்தார். "முந்தி இத ரெண்டு கையாலயும் பிடிச்சித் திருப்பணும். இப்ப ஒத்த விரலால தள்ளினாப் போதும். ஆரோ நட்ட இளக்கியிரிக்கான்."

நான் குனிந்து பார்த்தேன். நட்டு நகராமல் இருக்கக் கோத்து விடும் பூட்டுக் கம்பி தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது.

"கம்பி அப்பிடியே இரிக்கே, ஹாஜியார்."

"அதத்தான் சொல்றன். இளக்கிப்போட்டு, கம்பியத் திரும்ப மாட்டியிரிக்கான். கள்ள வேல."

இந்த இடத்தைக் கவனியுங்கள். கம்பி இல்லாதிருந்தால் அதுவே அவருக்குச் சாட்சி. கம்பி இருந்தது, அதுவும் சாட்சியாகிவிட்டது. ஒருவர் மனதில் முடிவை எடுத்துவிட்டால் எந்தத் தடயத்தைக் காட்டினாலும் அது அந்த முடிவுக்கே வேலை செய்யும். அப்படிப்பட்ட ஒருவருடைய மடுவத்தில் வேலை செய்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது மாதிரி. கட்டு அவருடைய கண்ணில், இடறி விழுவது நீங்கள்.

அவர் முடிவு செய்திருந்த ஆள் சலீம், தோட்டத்தின் காவல்காரர். மன்னாரிலிருந்து வந்தவர். மடுவத்தின் சாவி அவரிடமும் இருந்தது. தோட்டத்தின் மூலையில் ஹாஜியார் கொடுத்த துண்டு நிலத்தில் மனைவி பரீதாவோடும் மகள்மாரோடும் குடியிருந்தார். மூத்தவள் கலியாணத்துக்கு நிற்கிறாள் என்று வீட்டோடு ஒரு அறை கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். ஹாஜியார் மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் செய்திருக்கிறான் என்பது ஹாஜியாரின் கணக்கு. தரையிறங்கிய கையோடு சலீமைக் கூப்பிட்டு, நாளைக்கு அந்திக்குள் குடும்பத்தோடு காணியை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லியும் விட்டார். அந்த நாளைதான் நான் போயிருந்த நாள்.

"நாளைக்குக் கொழும்பிலிருந்து பிளேனுக்கு அனுமதி குடுக்கிற அதிகாரி வாறாரு" என்றார் ஹாஜியார். "வேலி கிட்டப் போன சக்கரத் தடம் கிடக்கு. அவர் கேப்பாரு. நான் கட்டினதுல பிழையில்ல, வேணுமெண்டு செஞ்ச வேல எண்டு நீங்க ஒரு வார்த்த சொல்லணும். நீங்க சொன்னா எடுபடும்."

எனக்கு விளங்கியது. அவருக்கு வேண்டியது மெக்கானிக் அல்ல, சாட்சி. நான் தயங்குவதைக் கண்டதும் அவருடைய பார்வை மாறியது.

"நீங்களும் அந்தப் பக்கத்து ஆள்தானே" என்றார் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்று குத்தியது. இத்தனை வருடம் என் வீட்டார் புத்தளத்துத் தண்ணீரைக் குடித்த பிறகும் நான் அந்தப் பக்கத்து ஆள்தான். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். கோபத்தோடு நட்டை முறுக்கினால் தேவைக்கு மேல் இறுகிவிடும்.

சலீமின் வீட்டுக்கு நடந்தேன். சாமான்கள் எல்லாம் கட்டியாகிவிட்டன. பாயைச் சுருட்டி, பானை சட்டிகளைச் சேலையில் முடிந்து, மகள்மாரின் பள்ளிக்கூடப் புத்தகங்களை உரச் சாக்கில் போட்டு, வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். வீட்டைக் காலி பண்ணப் பழகியவர்கள் கட்டிய கட்டு அது. எது முதலில், எது கடைசியில் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. என் உம்மாவும் ஒரு காலத்தில் அப்படிக் கட்டினார், அதனால் அந்த முடிச்சுகளை நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

"எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"மன்னாருக்குப் போய்ப் பாத்துட்டு வந்தன், நானா. எங்கட வளவுல ஆள் உயரத்துக்குக் காடு. கிணறும் தூந்து போச்சி." அண்ணன் முறையில் என்னை நானா என்று அழைத்து, சலீம் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். "நட்டுல நான் கை வைக்கல்ல. வல்லாஹி, கழட்டவுமில்ல, இளக்கவுமில்ல."

பரீதா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். 

நான் அவரை நம்பினேனா என்று கேட்டால், இல்லை. என் ஊர்க்காரன் என்பதால் மனம் அவர் பக்கம் சாய்ந்தது. சாய்கிறது என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் கூடச் சந்தேகப்பட்டேன். சரிந்த தராசில் நிறுத்த மீனை யார் வாங்குவார்கள்?

தராசு என்றதும் ஞாபகம் வருகிறது, அன்று எனக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு தராசு. சில்லைப் பக்கவாட்டில் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்க்க வேண்டும். வாடியில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் கேட்டேன். பிளேன்காரருக்கா என்று முதலில் முறைத்தார்கள், எனக்குத்தான் என்று சொல்லி வாங்கி வந்தேன். மீன் செதில் ஒட்டியிருந்த அந்தக் கொக்கியை அச்சில் மாட்டி இழுத்தேன். முள் அசைந்ததும் சில்லு திரும்பிவிட்டது. ஹாஜியாருடைய வரைபடம் கேட்ட பலத்தில் பாதிகூட இல்லை.

"நட்ட இறுக்கிப் பாருங்களேன்" என்றார் ஹாஜியார்.

இறுக்கினேன். மறுபடி இழுத்தேன். இப்போது தராசு சரியான அளவைக் காட்டியது. ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சி! நான் சொன்னன்தானே, நட்டுத்தான். அதிகாரி வந்தா ஓட்டிக் காட்டலாம்."

இங்கேதான் ஒரு மெக்கானிக்கின் தலை தப்புவதும் போவதும். முதலாளி சந்தோஷமாக இருக்கிறார், அளவு சரியாக வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் நான் மறுபடி குனிந்து கம்பித் துளையைப் பார்த்தேன். நட்டை யாராவது இளக்கியிருந்தால், கம்பி வழக்கமாக நின்று தேய்ந்த துளைக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தாலே அளவு சரியாகியிருக்க வேண்டும். நானோ அந்தப் பழைய துளையையும் தாண்டி இறுக்கவேண்டி வந்தது. அதாவது நட்டு தன் பழைய இடத்திலேயே இருந்திருக்கிறது. அப்படியானால் பிடி எப்படி விட்டது? காரணம் தெரியாமல் சுகமான நோயை நான் சுகமானதாக எடுப்பதில்லை.

சில்லைக் கையால் பிடித்து இடமும் வலமுமாக நன்றாக ஆட்டினேன். கை களைக்கும் வரை ஆட்டினேன். ஹாஜியார் ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தராசை மாட்டி இழுத்தேன். அளவு மறுபடி விழுந்துவிட்டது.

"கழட்டப் போறன்" என்றேன்.

"நாளைக்கு அதிகாரி வாறாரு, ரஷீத்!"

"அதுக்காகத்தான் கழட்டுறன். அவருக்கு முன்னால நீங்க குப்புறக் கவிழ்றதப் பாக்க எனக்கு விருப்பமில்ல."

அந்த முன்காலில் இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தியபடி இருக்கும். சில்லு துடிக்கத் தொடங்கினால் அந்தத் துடிப்பை விழுங்குவது அவைதான். ஒன்றோடொன்று உரசினால்தான் விழுங்கும். அதனால் அவை எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். அவற்றைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டும் பளபளவென்று மின்னின. விரலால் தொட்டேன், வழுக்கியது. கிரீஸ்.

ஹாஜியார் என் கையிலிருந்து ஒரு தட்டைப் பறித்துக்கொண்டார். "பாத்தீங்களா! நட்டு இல்லாட்டி இது. இது தானா வருமா? அவன்தான் செஞ்சிருக்கான். இப்ப என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? சாவி இருந்தது சலீமிடம். கிரீஸ் டப்பாவும் சலீமிடம். அவரைக் காப்பாற்ற நினைத்த நானே அவருக்கு எதிரான சாட்சியைத் தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்போதே பேசாமல் துடைத்துப் பூட்டியிருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் மறைத்திருந்தால் அடுத்த கிழமை அதே கிரீஸ் அதே இடத்துக்கு வந்திருக்கும். யார் வைத்தார்கள் என்பதைவிட ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு அவசியமாகப் பட்டது.

சலீமை மடுவத்துக்குக் கூப்பிட்டேன். ஹாஜியார் வாயைத் திறக்க முன் கையைக் காட்டி நிறுத்தினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"சலீம், நட்டப் பத்தி நான் கேக்கல்ல. இந்த உப்புக் காத்துல பிளேன எப்பிடிப் பாத்துக்கொள்றீங்க? வழக்கமா என்ன செய்வீங்க, அதச் சொல்லுங்க."

சலீமின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. தன் வேலையைப் பற்றி ஒருவர் மரியாதையாகக் கேட்டால் எந்த மனிதனுக்கும் வரும் தெளிவு.

"வெள்ளிக்கிழம, ஜும்ஆவுக்குப் போக முந்தி, நல்ல தண்ணியால கழுவித் தொடப்பன் நானா. போன வெள்ளி, வாசல் கேட்டு, தண்ணி மெசின், போட் இழுக்கிற வண்டில் எல்லாத்துக்கும் கிரீஸ் வச்சன். இங்க வந்து பாத்தா இந்த முன்சில்லு திரும்பவே மாட்டன் எண்டு நிக்கிது. உப்புத் திண்டிட்டுது எண்டு எனக்குச் சரியான கவல. அந்த ரெண்டு தட்டுக்கும் நடுவுல விரலால கிரீஸ வச்சி, அங்கயும் இங்கயும் திருப்பித் திருப்பி நல்லா இளக்கி எடுத்தன். பொறகு பூப்போலத் திரும்பிச்சி."

சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்ப்பவர் போல என்னைப் பார்த்தார்.

அந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே இறுகிப்போன எதுவும் உப்பு தின்ற பொருள்தான். கதவுப் பிணைச்சல் இறுகினாலும் கப்பி இறுகினாலும் கிரீஸ் வைத்து இளக்குவார்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் துருதான் மிஞ்சும். இறுக்கமாக இருப்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருள் உலகத்தில் உண்டு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? குழந்தைக்குத் தைலம் தேய்ப்பது போல அந்த மனிதர் அந்தத் தட்டுகளுக்குக் கிரீஸ் தேய்த்திருக்கிறார்.

"நேத்து ஏன் இதச் சொல்லல்ல?" என்று ஹாஜியார் கத்தினார்.

"நட்டக் கழட்டினியா எண்டு கேட்டீங்க ஹாஜியார். நான் கழட்டல்ல." சலீம் தயங்கினார். "நீங்கதானே கொழும்புக்குப் போக முந்திச் சொன்னீங்க, திரும்புற சாமான் எல்லாத்துக்கும் கிரீஸ் வச்சிரு எண்டு."

  ஹாஜியார் தட்டைக் கீழே வைத்தார்.

"சொன்னன்" என்றார். "எல்லாத்துக்கும் எண்டுதான் சொன்னன்."

மிச்ச வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டுகளைக் கழுவி, மேற்பரப்பைத் தேய்த்து உலர்த்தினோம். டயரின் சமநிலையையும் அச்சுக் குண்டுகளையும் பார்த்தேன். காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றவற்றைப் பாராமல் விடாதீர்கள், குற்றவாளிகள் சில வேளை கூட்டமாகவே இருப்பார்கள். அன்று வேறு யாரும் இல்லை. பூட்டிய பிறகு கை களைக்கும் வரை ஆட்டி, மீன் தராசால் இழுத்தேன். அளவு விழவில்லை. ஹாஜியார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, முதலில் மெதுவாகவும் பிறகு வேகத்தைக் கூட்டிக் கூட்டியும் வெட்டவெளியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினோம். மூக்குத் தூக்கும் வேகம் வரைக்கும் போனோம். என் கை கதவுப் பிடியிலேயே இருந்தது. முன்சில்லு கயிறு பிடித்தது போல நேராக ஓடியது.

இறங்கியதும் ஹாஜியார் என்னைக் கட்டிப் பிடித்தார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நாளைக்கு அதிகாரிக்கு என்ன காட்டுவது, அவர் வந்தால் என்ன சாப்பாடு ஆக்குவது என்று அடுக்கிக்கொண்டே போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"ஹாஜியார், அந்தி ஆகுது" என்றேன்.

"ஓம், நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க."

"எனக்கில்ல. அங்க மூட்ட கட்டி வச்சிருக்காங்க. நீங்க குடுத்த தவண முடியப் போகுது."

அவர் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். சொன்னவருக்கு மறந்து போகும், கேட்டவர்களுக்கு மறக்காது. "அட, இருக்கச் சொல்லுங்க ரஷீத். நான் ஒண்டும் மனசுல வைக்கல்ல எண்டு சொல்லுங்க" என்றார்.

"நான் சொல்ல மாட்டன். போகச் சொன்னது நீங்க. இருக்கச் சொல்றதும் நீங்கதான் சொல்லணும்."

கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். அந்தப் பக்கத்து ஆள் என்று மறுபடி சொல்வாரோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார், நான் பின்னால் போனேன்.

மூட்டைகள் வாசலில் அப்படியே இருந்தன. சலீம் எழுந்து நின்றார். ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, போகத் தேவையில்லை என்றும், பிழை தன்னுடையதுதான் என்றும், அந்த அறையையும் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஒழுங்காகத்தான் சொன்னார். அவரைப் போன்ற ஒருவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. சலீமின் கண் கலங்கிவிட்டது, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அப்போதுதான் பரீதா வாயைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை. விலை கேட்பது போலக் கேட்டாள்.

"ஹாஜியார், அடுத்த தரம் ஏதாச்சும் ஆடினா, முதல்ல சில்லப் பாப்பீங்களா, எங்களப் பாப்பீங்களா?"

  பள்ளிவாசலில் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள், அதையே காரணமாக வைத்து ஹாஜியார் திரும்பி நடந்துவிட்டார். பரீதா பானை சட்டி இருந்த மூட்டையை மட்டும் அவிழ்த்து, அடுப்பை மூட்டப் போனாள்.

அடுத்த நாள் அதிகாரி வந்தார், பார்த்தார், திருப்தியோடு போனார். ஒரு மாதம் கழித்து, என் கருவிப் பெட்டியோடு தவறி வந்துவிட்ட இரவல் தராசை வாடியில் கொடுக்கப் போன வழியில் சலீமின் வீட்டுக்கும் போனேன். புது அறைக்குச் சுவர் எழும்பியிருந்தது. எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். வீட்டின் மூலையில், அன்று புத்தகங்களைப் போட்டுக் கட்டிய அந்த உரச் சாக்கு கிடந்தது. பிள்ளைகள் தேவைப்படும்போது கையை விட்டுப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, திரும்ப அதற்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த முன்சில்லுக்கு இன்றைக்குக் கேட்டாலும் நான் பொறுப்பு நிற்பேன். அந்தச் சாக்கை அவர்கள் எப்போது காலி பண்ணினார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.